உள்ளே யார் பார்க்கப் போறாங்க?

இந்தப் பதிவு கொஞ்சம் காரமா இருக்கும். முதல்லயே சொல்லிடறேன்.

பிள்ளைகளை அனிமேஷன், 3டி மாடலிங் என்று வகுப்புகளுக்கு அனுப்பும் பெற்றோர் நம்மில் நிறைய பேர். ஊரை விட்டு வந்து பூனாவிலோ நாக்பூரிலோ ஃபிளாட்டில் குடியிருக்கும் நமக்கு, பிள்ளை சனி ஞாயிறில் உருப்படியாக எங்கேயோ போகிறது என்பதே பெரிய நிம்மதி. ஐந்து இலக்கத்தில் ஃபீஸ் கட்டுகிறோம். ரசீதை பத்திரமாக எடுத்து வைக்கிறோம். உள்ளே என்ன சொல்லித் தருகிறார்கள் என்று மட்டும் கேட்பதில்லை. நான் கேட்டேன். கட்டடத்துக்கு மாடல் என்ற பெயரில் கட்டடத்தின் தோலை மட்டும் செய்யச் சொல்லித் தருகிறார்கள். அதற்கு முதல் பரிசும் கொடுக்கிறார்கள். என் சண்டை அதோடுதான்.

விஷயம் இதுதான். என் மகள் பதினொன்றாவது. அவள் போகும் வகுப்பில் கடைசி புராஜெக்ட்: "மரபான ஜப்பானிய வாசல் கட்டடம் ஒன்றை மாடல் செய்க." இவள் எடுத்துக்கொண்டது நாரா நகரத்துத் தோதாய்ஜி கோயிலின் தெற்குப் பெருவாசல், ஜப்பானியப் பெயர் நந்தாய்மோன். நம்மூரில் ராஜகோபுரத்தைத் தாண்டிக் கோயிலுக்குள் போகிற மாதிரி அங்கே இதைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆனால் முழுக்க மரம். உயரம் சுமார் 25 மீட்டர்.

இரண்டு மாதம் உட்கார்ந்து, அஸ்திவாரக் கல்லில் ஆரம்பித்து, தூண், குறுக்குச் சட்டம், ஆப்பு, போதிகை என்று ஒவ்வொரு மரத்தையும் தனித்தனித் துண்டாகச் செய்து சேர்த்தாள். மேல் கூரைக்கு ஓடு போட நேரம் இல்லை. கலரும் இல்லை, எல்லாம் சாம்பல் நிறம். இன்னொரு பையன் ஒரு பெட்டியைச் செய்து, அதன்மேல் இணையத்தில் எடுத்த மரப் படத்தை ஒட்டி, பக்கத்தில் செர்ரிப் பூ, பனிமூட்டம், நாலு விளக்கு வைத்திருந்தான். பார்க்க ஜோராகத்தான் இருந்தது. பரிசு அதற்கு. அந்தப் பையன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சொல்லிக் கொடுத்ததைச் செய்தான். மதிப்பெண் போட்டவர் என் மகளிடம் சொன்னதுதான் தலைப்பில் இருக்கிறது. "இவ்வளவு சட்டம் எதுக்கும்மா? உள்ளே யார் பார்க்கப் போறாங்க?"

இருபது வருஷத்துக்கு மேல் வங்கியில் குப்பை கொட்டுகிறவனிடம் இந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. மார்ச் 31 ராத்திரி மட்டும் கணக்கு அழகாகத் தெரிய என்னென்ன செய்வார்கள், வாசலில் நின்று நாலு போட்டோ எடுத்து உள்ளே போகாமலே சொத்து மதிப்பு எழுதிக் கொடுத்தால் அந்தக் கடன் என்ன கதியாகும் என்று பார்த்தவன் நான். உள்ளே யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் வாராக்கடன் முளைக்கிறது.

சரி, வாசலுக்கு வருவோம்.

இந்தக் கேள்வியைக் கேட்க இதைவிடத் தப்பான கட்டடம் கிடையாது. 1180-ல் உள்நாட்டுப் போரில் தோதாய்ஜி எரிந்து போனது. திரும்பக் கட்டும் பொறுப்பை அறுபதை எட்டிய சோகென் என்ற துறவியிடம் கொடுத்தார்கள். (நம்மை மாலை போட்டு வீட்டுக்கு அனுப்புகிற வயசில் அவருக்கு வேலை ஆரம்பம்!) பணம் திரட்டுவதும் அவர் வேலை, மரம் தேடுவதும் அவர் வேலை. பெரிய மரங்களை இன்றைய யமகுச்சிப் பக்கத்துக் காடுகளில் வெட்டி, ஆற்றிலும் கடலிலும் மிதக்க விட்டு நாராவுக்குக் கொண்டுவந்தார்கள். இந்த வாசலை 1199-ல் எழுப்பினார்கள். இன்றும் நிற்கிறது.

எப்படி நிற்கிறது? வரிசைக்கு 6 என்று மூன்று வரிசை, ஆக 18 உருண்டைத் தூண்கள். வெளியே இருந்து பார்த்தால் இரண்டு கூரை, அதனால் மாடி இருக்கிற மாதிரித் தெரியும். மாடி இல்லை. தூண்கள் கீழிருந்து மேல் கூரை வரைக்கும் ஒரே ஓட்டமாகப் போகின்றன. தூணைத் துளைத்து இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளிவரும் குறுக்குச் சட்டங்கள் அவற்றைக் கட்டிப் பிடித்திருக்கின்றன. ஜப்பானியத் தச்சர் இதை நுகி என்கிறார்கள். துளைக்கும் சட்டத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் ஆப்பு அடித்து இறுக்குவார்கள். நிலநடுக்கத்தில் தூண் பக்கவாட்டில் சாய்ந்தால் இழுத்துப் பிடிப்பது இந்தச் சட்டமும் ஆப்பும்தான். மற்ற கோயில்களில் போதிகை தூணின் தலையில் உட்காரும். இங்கே தூணின் பக்கத்தில் துளை போட்டுச் செருகி, ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் நீளமாக, ஆறு அடுக்கு வெளியே நீட்டி, எறவாணத்தைத் தாங்க வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு விஷயம். இந்த வாசலுக்கு உட்கூரைப் பலகை கிடையாது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் தூணும் சட்டமும் மேல்வரைக்கும் அப்படியே தெரியும். போகிற வருகிற ஒவ்வொருவரும் உள்ளேதான் பார்க்கிறார்கள். எண்ணூறு வருஷமாகப் பார்த்துக் கொண்டிருக்கிறார்கள். அந்தக் கட்டடத்துக்கு மாடல் செய்த பெண்ணிடம்தான் "உள்ளே யார் பார்ப்பா" என்று கேட்டிருக்கிறார் அந்த மனிதர்.

நான் பி.காம். தச்சு வேலையும் தெரியாது, கட்டடக் கலையும் தெரியாது. ஆனால் இரண்டு மாதம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில் ஒன்று நன்றாகப் புரிந்தது. துண்டு துண்டாக மாடல் செய்தால் மாடலே கேள்வி கேட்கும். பெட்டியாகச் செய்தால் அது வாயே திறக்காது.

உதாரணத்துக்கு ஒன்று. ஒரு தூணுக்குள் கிழக்கு மேற்காக ஒரு சட்டம் போகிறது. வடக்கு தெற்காக இன்னொன்று போக வேண்டும். இரண்டும் ஒரே உயரத்தில் வந்தால் தூணுக்குள்ளே மோதிக்கொள்ளும். ஒன்றை மேலே ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் இரண்டையும் பாதிப்பாதி வெட்டி ஒன்றில் ஒன்று உட்கார வைக்க வேண்டும். பெட்டியின் மேல் மரப் படம் ஒட்டினவனுக்கு இந்தப் பிரச்சினை வரவே வராது. வராததால் அவனுக்கு அது தெரியவும் தெரியாது. இவள் மூன்று நாள் அதில் மாட்டிக்கொண்டு நின்றாள். டேலி ஆகாத டிரையல் பேலன்ஸை ராத்திரி முழுக்கத் தோண்டுகிற மாதிரி.

கூரை மூலை இன்னொன்று. ஒரு கைமரத்தைச் செய்து அதையே நூறு தடவை நகல் எடுத்து வரிசையாக அடுக்கிக்கொண்டே போனால் பாதி வேலை முடிந்த மாதிரி இருக்கும். மூலைக்கு வந்ததும் குட்டு உடைந்துவிடும். ஜப்பானியக் கூரையின் விளிம்பு மூலையில் மேலே வளைகிறது. அங்கே வர வர ஒவ்வொரு கைமரமும் கொஞ்சம் கொஞ்சமாக உயர வேண்டும். நந்தாய்மோனில் மூலைக் கைமரங்கள் விசிறி மாதிரி விரியவும் செய்கின்றன. ஒன்றைப் போல ஒன்று இருக்காது. நிஜத் தச்சர்களே இதற்காகத் தரையில் முழு அளவில் படம் வரைந்து, அதிலிருந்து அச்சுப் பலகை வெட்டித்தான் வேலை செய்வார்கள்.

அளவும் அப்படித்தான். பழைய ஜப்பானியக் கட்டடத்தை மீட்டரில் நினைத்தால் எல்லாம் அரைகுறை எண்ணாக வரும். அவர்கள் அளவு ஷாக்கு. ஒரு ஷாக்கு இன்றைய கணக்கில் 30.3 செ.மீ., கிட்டத்தட்ட நம் அடி. அதில் பத்தில் ஒரு பங்கு சுன். தூணின் தடிமனை அடிப்படையாக வைத்து, மற்ற மரங்களை எல்லாம் அதன் விகிதத்தில் சொல்லும் முறைக்குக் கிவாரி என்று பெயர். 1608-ல் ஹெய்னோஉச்சி என்ற தச்சர் குடும்பம் எழுதிய ஷோமேய் என்ற நூலின் ஐந்து பகுதிகளில் ஒன்று முழுக்க வாசல்களுக்கே. பழகுவதற்காக முன்னால் இரண்டு பெரிய தூண், பின்னால் இரண்டு சின்னத் தூண் உள்ள சாதாரண வாசல் ஒன்றை அவள் முதலில் செய்தபோது, அந்த மாதிரி விகிதங்களை ஒரு எக்செல் ஷீட்டில் போட்டுக் கொடுத்தேன். அந்த புராஜெக்டில் என் பங்கு அவ்வளவுதான் :-) தூண் தடிமனை மாற்றினால் மற்றதெல்லாம் தானாக மாறும். நந்தாய்மோன் அந்த நூலுக்கு நானூறு வருஷம் மூத்தது, பாணியும் வேறு. அதனால் அதற்கு அச்சில் வந்த குறுக்குவெட்டுப் படங்களைத்தான் பார்த்தோம். அதிலும் ஒரு சுவாரஸ்யம். சோகென் பாணியில் மரங்களின் குறுக்களவைச் சில வகைகளுக்குள் அடக்கி, அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பிளெண்டரில் ஒரு துண்டைத் திருத்தினால் அதோடு இணைந்த எல்லாத் துண்டும் திருந்தும் வசதி உண்டு. எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய சிக்கனம் இன்றைய மென்பொருளில் அப்படியே உட்கார்ந்தது.

இனி எதிர்த்தரப்பு. நியாயமாகப் பேசுவோம்.

முதல் வாதம்: "சினிமாவுக்கும் விளையாட்டுக்கும் தோல் போதும். உள்ளே சட்டம் வைத்தால் கம்ப்யூட்டர் திணறும்." சரிதான். ஒத்துக்கொள்கிறேன். குரோசாவா 1950-ல் ரஷோமோன் எடுத்தபோது அந்தப் பாழடைந்த வாசலை செட்டாகத்தான் போட்டார். முழுக் கூரையும் வைத்தால் தூண்கள் தாங்காது என்று, இடிந்த வாசல் என்ற சாக்கில் பாதிக் கூரையோடு விட்டார்கள். படத்துக்கு அது போதும், உலகமே கொண்டாடியது. ஆனால் அவர் அதை வாசல் என்று பதிவேட்டில் எழுதவில்லை, செட் என்றார். வகுப்பில் கேட்டது "மரபான வாசல் கட்டடத்தின் மாடல்". "விளையாட்டுக்கான பின்னணி" என்று கேட்டிருந்தால் நான் இந்தப் பதிவே எழுதியிருக்க மாட்டேன்.

இந்தச் சண்டை கம்ப்யூட்டரோடு வந்ததும் இல்லை. நாராவில் 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இரண்டு சின்ன ஐந்தடுக்குக் கோபுரங்கள் இருக்கின்றன, மரத்தில். கைர்யூஓஜி கோயிலில் இருப்பது சுமார் 4 மீட்டர். வெளிப்பக்கம் நுணுக்கமான வேலை, உள்ளே கட்டுமானத்தைச் செய்யாமல் விட்டிருக்கிறார்கள். கங்கோஜியில் இருப்பது சுமார் 5.5 மீட்டர். அதில் உள்ளேயும் நிஜக் கோபுரம் மாதிரியே மரத்தை இணைத்திருக்கிறார்கள். இரண்டுமே தேசியப் பொக்கிஷங்கள்தான், தோல் வேலைக்கும் மரியாதை உண்டு. ஆனால் பழைய காலத்தில் கோபுரம் எப்படிக் கட்டினார்கள் என்று தெரிய வேண்டுமென்றால் கங்கோஜிக்குத்தான் போக வேண்டும்.

இரண்டாவது வாதம்: "லேசர் ஸ்கேன் வந்தாச்சு. மெஷினை வைத்தால் ஒரே நாளில் மொத்த வாசலும் கம்ப்யூட்டருக்குள் வந்துவிடும். கையால் எதுக்கு?" ஸ்கேனுக்குத் தெரிவது வெளிச்சம் படும் இடம் மட்டும். தூணுக்குள் சட்டம் எப்படி வெட்டப்பட்டிருக்கிறது, ஆப்பு எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கப்பட்டது என்பது அதற்குத் தெரியாது. ஸ்கேன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை வைத்துக்கொண்டு உள்ளே யோசிக்க ஒரு ஆள் வேண்டும்.

இந்த இடத்தில்தான் விஷயம் மார்க் சண்டையைத் தாண்டிப் போகிறது. மரக் கட்டடம் எரியும். 1945 மே மாதம் குண்டுவீச்சில் நகோயா கோட்டை எரிந்தது, அதன் அரண்மனையோடு. ஆனால் போருக்கு முன்பே அதை அளந்து, 300-க்கும் மேற்பட்ட வரைபடங்களாக எழுதி வைத்திருந்தார்கள். கண்ணாடித் தகட்டில் போட்டோக்களும் இருந்தன. அவற்றை வைத்து அரண்மனையைத் திரும்பக் கட்டி 2018-ல் முடித்தார்கள். எதிர்ப்பக்கம், அதே நாராவில் பழைய அரண்மனையின் சுசாகு வாசல். அதற்கு அப்படி எந்த வரைபடமும் இல்லை. மண்ணுக்கடியில் தூண் நின்ற தடம்தான் இருந்தது. மேலே எப்படி இருந்திருக்கும் என்பதை அந்தக் காலத்தில் தப்பிப் பிழைத்த மற்ற கட்டடங்களைப் பார்த்து ஊகித்துத்தான் 1998-ல் கட்டி முடித்தார்கள். நன்றாகவே ஊகித்திருக்கிறார்கள். ஆனால் ஊகம் ஊகம்தான். செர்ரிப் பூவும் பனிமூட்டமும் போட்ட படத்தை வைத்துக்கொண்டு ஒரு தச்சரால் ஒரு தூணைக்கூட நிறுத்த முடியாது.

எரியாவிட்டாலும் இதே கதைதான். ஜப்பானில் பெரிய மரக் கட்டடங்களைத் தேவைப்படும்போது முழுக்கப் பிரித்து, கெட்ட மரத்தை மட்டும் மாற்றி, திரும்பக் கோக்கிறார்கள். அதே நாராவில் தோஷோதாய்ஜி கோயிலின் பிரதான மண்டபத்தை 2000-ல் ஆரம்பித்து 2009 வரை இப்படிப் பிரித்துக் கோத்தார்கள். 2020-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்ததும் ஜப்பானிய மரக் கட்டடங்களைக் காத்து அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கும் கைத்திறனைத்தான். பிரித்துக் கோப்பதற்காகவே கட்டிய ஒன்றின் மாடலைப் பிரிக்கவே முடியாது என்றால் அது எதன் மாடல்?

மூன்றாவது வாதம் நம்ம ஆட்களிடமிருந்து: "நம்ம பிள்ளைக்கு ஜப்பான் வாசல் எதுக்கு? கோபுரம் பண்ணலாமே?" தாராளமாகப் பண்ணலாம். ஆனால் கல்லும் செங்கல்லும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்து பாரம் தாங்குவது வேறு பாடம். மரத்தில் ஒவ்வொரு துண்டும் இன்னொன்றைப் பிடித்திருப்பது வேறு பாடம். வகுப்பில் கொடுத்தது இரண்டாவது. பிள்ளை ஆசைப்பட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாதம் நிற்கும்போது, அதில் ஊர்ப்பாசத்தைக் கொண்டுபோய்ச் செருகாதீர்கள்.

நான்காவதுதான் பெற்றோர் உண்மையில் கேட்பது: "இதில் வேலை கிடைக்குமா?" இதற்குத்தான் நான் அதிகம் கோபப்படுகிறேன். இன்றைக்கு ஒரே ஒரு போட்டோவைக் கொடுத்தால் செயற்கை நுண்ணறிவுச் செயலி சில நிமிஷத்தில் ஒரு 3டி வடிவத்தைத் துப்பிவிடுகிறது. அது துப்புவது என்ன? தோல்! உள்ளே காலி. ஆக, மெஷின் சில நிமிஷத்தில் செய்வதை நம் பிள்ளைக்கு ஆறு மாசம் சொல்லிக் கொடுக்க நம்மிடமே ஃபீஸ் வாங்குகிறார்கள். பாரம் எங்கே இறங்குகிறது, எந்தத் துண்டை முதலில் மாட்டினால் அடுத்தது நுழையும் என்று யோசிக்கத் தெரிந்த பிள்ளைக்குக் கட்டட வரைபடம், இயந்திர வடிவமைப்பு, மரச்சாமான் தொழில் என்று எங்கே போனாலும் அந்த யோசனை கூட வரும். சான்றிதழில் அது அச்சாகாது, அவ்வளவுதான்.

மென்பொருளுக்குப் பணம் வேண்டுமே என்று யாரும் சொல்ல முடியாது. 2002-ல் உலகம் முழுக்க ஆட்கள் சேர்ந்து 1,00,000 யூரோ திரட்டி பிளெண்டரைப் பொதுவுக்கு விடுவித்தார்கள். அன்றிலிருந்து இலவசம். ஓரளவு நல்ல லேப்டாப் போதும்.

ஆகவே, வகுப்பில் சேர்ப்பதற்கு முன் பெற்றோர் கேட்க வேண்டியவை:

1. மாடலை நிஜ அளவில் செய்யச் சொல்வீர்களா, இல்லை கண்ணுக்குச் சரியாக இருந்தால் போதுமா?

2. முடிந்த மாடலைத் துண்டு துண்டாகப் பிரித்து, எந்த வரிசையில் கோக்க வேண்டும் என்று பிள்ளையால் காட்ட முடியுமா?

3. மதிப்பெண் போடுகிறவர் ஃபைலைத் திறந்து பார்ப்பாரா, படத்தை மட்டும் பார்ப்பாரா?

மூன்றாவதுக்குப் பதில் "படம்" என்று வந்தால் ஃபீஸை பையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். ஆடிட்டர் கணக்குப் புத்தகத்தைத் திறக்காமல் அட்டையைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் விட்டுவிடுவோமா?

வகுப்பில் நானும் இதைப் பேசிப் பார்த்தேன். "சார், நீங்க பேங்க், உங்களுக்கு ஆர்ட் புரியாது" என்றார்கள். இருக்கலாம். தூண் புரிகிறது, எனக்கு அது போதும். மகளை அடுத்த கட்ட வகுப்புக்கு அனுப்பவில்லை. இப்போது அவள் மேல் கூரைக்கு ஓடு போட்டுக் கொண்டிருக்கிறாள், வளைந்த ஓடும் தட்டையான ஓடும் தனித்தனியாக. தண்ணீர் எந்தப் பக்கம் வழியும் என்று நேற்று ராத்திரி என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தச்சு வேலையோ ஓடு வேலையோ தெரிந்த குடும்பத்திலிருந்து வந்தவர்கள் இதைப் படிக்கிறவர்களில் இருந்தால் சொல்லுங்கள், அவளிடம் சேர்த்து விடுகிறேன்.